மணைக்குள் விட்ட ஆணி

பேச்சியம்மாள் பட்டாசு கம்பெனி வேனுக்காகத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தலையில், சும்மாட்டின் மேல், நான் செய்துகொடுத்த மணை கவிழ்ந்திருந்தது. அதன் அடிச்சட்டங்கள் இரண்டும் வானத்தைப் பார்த்தன.

எனக்கு ஜலதோஷம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காப்பி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தேன். ஆடி மாதக் காற்று தெருப் புழுதியை வாரி எடுத்துக்கொண்டிருந்தது.

"என்ன பேச்சி, மணையை எங்கன தூக்கிட்டுப் போற?"

"கம்பெனிக்குத்தான் அக்கா. ஒரு வாரமா அங்கனதான் கெடக்கு. நேத்து ஒரே அழுக்கா இருந்துச்சு, கொண்டாந்து நல்லாத் தேய்ச்சுக் கழுவுனேன்."

"உள்ள ரூமுக்கா கொண்டுபோற?"

"பின்ன? மருந்து செலுத்துற ரூமுலதான நமக்கு வேலை."

வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு குரல்: "ஏ, எடம் விடுங்கட்டி, மகாராணி சிம்மாசனத்தோட வாராக." எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியம்மாளும் சிரித்தாள். மணையை முதலில் உள்ளே கொடுத்துவிட்டு, மடங்காத இடது காலை இழுத்து ஏறி, என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

நானும் கையசைத்தேன்.

அந்த மணையின் இடது அடிச்சட்டத்தில் ஓர் இரும்பு ஆணி இருந்தது. அது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

பெட்டிப் பலகை

போன வாரம் என் புத்தக அலமாரியைப் பற்றி எழுதியிருந்தேன். அது என்ன மரம் என்று சாத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அது நம் ஊர் மரம் இல்லை. பெயரும் எனக்குத் தெரியாது.

என் அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் பிட்டர். கப்பலில் வரும் அச்சு இயந்திரங்களைப் பிரித்து நிறுத்துவது அவர் வேலை. ஒவ்வொரு இயந்திரமும் ஓர் அறை அளவு மரப்பெட்டியில் வரும். இயந்திரத்தை எடுத்ததும் பெட்டிப் பலகைகளை ஆட்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் அடுப்புக்கு எரித்தார்கள். அப்பா எனக்காக வீட்டுக் கொல்லையில் அடுக்கினார்.

வெள்ளையான, லேசான மரம். இழைப்புளியை ஓட்டினால் ஒரு பிசின் வாசனை எழும். சில பலகைகளில் கறுப்பு மையில் வெளிநாட்டு எழுத்துகள் இருக்கும். எழுத்து இருக்கும் பக்கத்தை மட்டும் நான் இழைக்காமல் விடுவேன்.

மதுரையில் பெண்களுக்கான பாலிடெக்னிக்கில் படித்தபோது தச்சுக்கூடத்தில் எங்களுக்கு ஒரே ஒரு பருவம் வகுப்பு. மற்ற மாணவிகள் அதை ஒரு தண்டனையாக நினைத்தார்கள். எனக்கு அது முடிந்துபோனதில் வருத்தம். படிப்பு முடிந்து ஊருக்கு வந்து, ஒரு பட்டறையில் இயந்திர உதிரிபாகங்களுக்குப் படம் வரையும் வேலையில் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும் கொல்லைக்கும் என்று ஆயின.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பொண்ணு பாக்க வாரவுக முன்னாடி இந்த உளியை எல்லாம் எங்கன ஒளிச்சு வைக்க?" என்பாள்.

"அவுக உக்கார நாற்காலி செஞ்சு வைக்கேன்."

"நீ செஞ்ச நாற்காலியில உக்காந்தா வந்த சோலி அம்புட்டும் முடிஞ்சிரும். எந்திரிச்சு வேற ஊருக்குப் போயிருவாக."

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அப்போது நான் செய்த நாற்காலி மூன்று காலில்தான் நின்றது. நான்காவது கால் தரையைத் தொடவில்லை.

நீல அட்டை நோட்டு

செய்த தவறுகளை எழுத ஒரு நோட்டு வைத்திருந்தேன். இடது பக்கம் தவறு. வலது பக்கம், இனிச் செய்யவேண்டியது. நடுவில் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு. சிலவற்றை இங்கே எடுத்து எழுதுகிறேன்.

2. அளந்தது சரி. ரம்பம் தின்னும் கனத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. தட்டு ஒரு நூல் குட்டை. / கோட்டுக்கு வெளியே அறுக்கவும்.

5. மர இழையை எதிர்த்து இழைத்தேன். சிலாம்பு பெயர்ந்தது. / முதலில் விரலால் தடவிப் பார்க்கவும்.

8. ஐப்பசி மழையில் செய்த பெட்டி மூடி பங்குனியில் லொடலொடவென்று ஆடுகிறது. / பலகையை ஒரு கோடை காயவிடவும்.

11. வச்சிரப் பசை பாதி ஆறிய பிறகு பூசினேன். பிடிக்கவில்லை. / சுடச்சுட. தண்ணீர் படாமல்.

இந்த நோட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. தவறை எழுதிவிட்டால் அது தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பட்டறையில்கூட ஒருமுறை இதைக் காட்டிப் பாராட்டு வாங்கினேன்.

பேச்சியம்மாளின் மணையைச் செய்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

பேச்சியம்மாள் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். சிறுமியாக இருந்தபோது கிணற்றுப் படியில் விழுந்ததில் இடது முழங்கால் முழுதாக மடங்காது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில், வெடிக் குழாய்களில் மருந்து செலுத்தும் அறையில் வேலை. அங்கே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் செய்யவேண்டும். அவளால் முடியாது. காலை நீட்டிக்கொண்டு, இடுப்பை ஒடித்து உட்கார்ந்துதான் செய்தாள். மற்றவர்கள் இரண்டு தட்டுக் குழாய்களை முடிக்கும்போது அவள் ஒன்றரைதான் முடித்திருப்பாள்.

என்னிடம் அவள் எதையும் கேட்கவில்லை. வீட்டில் அடுப்பின் முன்னால் அவள் உட்காரும் சிரமத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு, நானாகத்தான் மணை செய்துதருகிறேன் என்றேன்.

சாதாரண மணை அல்ல, சற்று உயரம். மேலே ஒரு பலகை. இரண்டு பக்கமும் ஐந்து அங்குலத்துக்கு நிற்கும் பலகைகள். அவற்றின் அடியில், தரையோடு படிய, பக்கத்துக்கு ஒரு சட்டம். ஆணியே இல்லாமல், ஒரு மரத்தின் நாக்கு மற்றதன் துளைக்குள் இறங்கும்படி செய்யவேண்டும் என்று முடிவுசெய்தேன். நான் அதுவரை செய்ததில் அதுதான் கடினமான வேலை.

எல்லாம் பொருந்திவிட்டது. பசையும் போட்டு இறுக்கிவிட்டேன். கடைசியில் கவிழ்த்துப்போட்டு அடிச்சட்டத்தைச் சமமாக இழைத்தபோது, 'கிர்' என்று ஒரு சத்தம். இழைப்புளியின் அலகில் ஒரு பல் போயிருந்தது.

பெட்டி அடித்தவன் விட்டுப்போன ஆணி. தலை ஒடிந்து உடம்பு மட்டும் சட்டத்துக்குள் இருந்தது. குறட்டால் பிடிக்க நுனி இல்லை. சுற்றிலும் குடைந்து எடுத்தால் சட்டம் பாழ். சட்டத்தை மாற்றவேண்டுமானால் ஒட்டியதையெல்லாம் பிரிக்கவேண்டும். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு துளைக்கம்பியை வைத்து ஆணியைக் கால் அங்குலம் உள்ளே இறக்கினேன். மரத்தூளை வச்சிரத்தில் பிசைந்து குழியில் அடைத்தேன். காய்ந்ததும் தேய்த்தேன். தடவிப் பார்த்தால்கூடத் தெரியவில்லை. என் அலமாரியின் அடித்தட்டிலும் இதே மாதிரி ஒன்றை அடைத்திருந்தேன். அதுவும் யாருக்கும் தெரிந்ததில்லை.

மறுநாள் பேச்சியம்மாளிடம் கொடுத்தபோது அவள் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள். "ஆணி அடிக்காமலா இப்படி நிக்கி?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

வியாழன்

பேச்சியம்மாள் மணையோடு ஏறிய வேன் போன பிறகு உள்ளே வந்து, வழக்கம்போல மனசுக்குள் காரணங்களை வரிசைப்படுத்தினேன். ஆணி கால் அங்குலம் உள்ளே இருக்கிறது. பசை நன்றாகப் பிடித்திருந்தது. சட்டம் தரையில் படிந்து கிடப்பது, அடிக்கடி நகர்வதில்லை. ஒரு வாரமாக ஒன்றும் ஆகவில்லை. ஆகவே ஆபத்து குறைவு.

இந்த வரிசையில் நான் சேர்க்காமல் விட்டவை: அவள் மணையைக் கழுவியிருந்தாள், வச்சிரம் தண்ணீரில் இளகும், எங்கள் ஊரில் பட்டாசு கம்பெனிக்குள் இரும்பு போகாது. தரையில் இரும்பு உரசினால் என்ன ஆகும் என்பது இங்கே பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். தூரத்தில் பெரிதாக ஒரு சத்தம் கேட்டால், தெருவில் எல்லாப் பெண்களும் வாசலுக்கு வந்து திசையைப் பார்ப்பார்கள். எந்தக் கம்பெனி என்று தெரியும்வரை அப்படியே நிற்பார்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

சாயங்காலம் வேனுக்காகக் காத்திருந்தேன். அவள் வெறுங்கையோடு இறங்கினாள்.

"மணை எங்க பேச்சி?"

"அங்கனதான். அக்கா, ஒரு சேதி. போர்மேன் அதுல உக்காந்து பாத்தாரு. ரூமுல இருக்க மத்த மூணு பேருக்கும் இதே மாதிரி வேணுமாம். சீசன் நேரம், வேலை ஓடணும்னு சொல்லுதாரு. பாலிடெக்னிக் படிச்ச அக்கா செஞ்சதுன்னேன். ஒரு ஆணி கெடையாதுன்னேன். மொத நாளும் ஆணி இல்லைனதும்தான் உள்ள விட்டாரு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். அவள் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. என் பெயர் ஒரு கம்பெனிக்குள் பேசப்பட்டிருந்தது.

"அதைக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டாயேன்," என்றேன். "பாலிஷ் போடணும். அவசரத்துல போடாமக் குடுத்துட்டேன்."

"சனிக்கிழமை கொண்டாரேன். ஞாயித்துக்கெழமை போட்டுக் குடுங்க."

"சரி," என்றேன்.

வெள்ளிக்கிழமை பட்டறையில் ஒரு பல்சக்கரத்தின் படத்தை மையில் எடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கல்குவாரியில் வேட்டு போட்டார்கள். தினமும் போடுவதுதான், அதே நேரம்தான். என் பேனா நழுவி, இரண்டு நாள் வேலையின் மேல் மை கொட்டியது. மறுபடியும் முதலிலிருந்து வரைந்தேன். சாயங்காலம் பேச்சியம்மாள் வேனிலிருந்து இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய்விட்டேன்.

சனி

சனிக்கிழமை காலை, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினேன். கூடவே ஏதோ உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. பட்டாணி அளவில் ஒரு மரத்தூள் உருண்டை. குனிந்து பார்த்தேன். தட்டில் குழி திறந்திருந்தது, உள்ளே ஆணி தெரிந்தது.

அந்த அலமாரியை யாரும் கழுவவில்லை. யாரும் தரையில் இழுக்கவில்லை. ஆடிக் காற்று மட்டுமே அதைக் காயவைத்திருந்தது.

அம்மா, "ஏட்டி, சாப்பிட்டுப் போ," என்று கூப்பிட்டது கேட்டது. நான் தெருவில் இருந்தேன்.

பஸ்ஸில் போய் இறங்கி, கரிசல் வண்டிப்பாதையில் நடந்தேன். பாதியில் செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார். "தீப்பெட்டி, பீடி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவரே, "பொம்பளப் புள்ளைக்கிட்டயும் அதே கேள்விதான் தாயி, வாய் பழகிப்போச்சு," என்றார். "செருப்பை இங்கன வச்சிரு. தலையில ஊசி இருந்தா அதையும் கழட்டு."

கொண்டை ஊசிகள் மூன்று. ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் நீட்டிய தகரத்தட்டில் போட்டேன். தலைமுடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதற்குள், நான் வாட்ச்மேனிடம் பேச்சியின் பெயரைச் சொன்னதைக் கேட்டு, போர்மேன் தங்கவேல் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஐம்பது வயது இருக்கும்.

"பேச்சி சொன்ன அக்கா நீங்கதானா? ஆர்டர் விஷயமா வந்தீகளா?"

"அந்த மணையில இரும்பு இருக்கு," என்றேன். "இடது அடிச்சட்டத்துல ஒரு ஆணி. அடைச்சு வச்சிருந்தேன். அடைப்பு இந்நேரம் விழுந்திருக்கும்."

அவர் உடனே உள்ளே திரும்பி நடந்தார். கம்பெனிக்குள் யாரும் ஓடக்கூடாது. அவர் ஓடவில்லை. ஆனால் அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

சின்ன அறை. எதிரெதிரே இரண்டு கதவுகள், இரண்டும் திறந்தே இருந்தன. உள்ளே நான்கு பெண்கள், மருந்துப்பொடி படிந்து கைகளும் முகமும் வெள்ளி நிறத்தில். மூன்று பேர் தரையில். பேச்சியம்மாள் மணைமேல்.

போர்மேன் வாசலிலேயே நின்றார். குரலை உயர்த்தவில்லை. "எல்லாரும் கையில இருக்கதை அப்படியே வச்சிட்டு வெளிய வாங்க. எதையும் இழுக்காதீக. பேச்சி, நீ மணையத் தொடாத. நகட்டாம எந்திரி."

மூன்று பேரும் எழுந்தார்கள். பேச்சியம்மாள் எழவில்லை. மடங்காத காலோடு அவள் எப்படி எழுவாள் என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் மணையைப் பிடித்துப் பின்னால் தள்ளித்தான் எழுவாள். வீட்டில் அப்படித்தான் எழுந்து காட்டினாள். இந்த அறையிலும் தினமும் அப்படித்தான் எழுந்திருப்பாள், எத்தனையோ தடவை.

அவள் கை பழக்கத்தில் மணையின் விளிம்புக்குப் போய், நின்றது.

பக்கத்தில் இருந்த பெண் திரும்பி வந்து குனிந்தாள். "என் கழுத்தக் கட்டிக்க," என்றாள். பேச்சியம்மாள் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண் அவளை நேராக மேலே தூக்கினாள். இருவரும் ஒன்றாக வெளியே வந்தார்கள்.

போர்மேன் மணையைச் சுற்றித் தண்ணீர் தெளித்தார். பிறகு அதைச் செங்குத்தாகத் தூக்கி, வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து, மண்ணில் கவிழ்த்தார்.

அடைப்பு இல்லை. தரையில் உரசி உரசிச் சட்டம் தேய்ந்து, கழுவிய ஈரத்தில் ஆணியும் இளகிக் கீழே இறங்கியிருந்தது. ஆணியின் ஒடிந்த முனை சட்டத்துக்குச் சமமாக வந்திருந்தது. நான் அடைத்தபோது அது துருப்பிடித்துக் கறுப்பாக இருந்தது. இப்போது புதுக் காசு மாதிரி பளபளத்தது.

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில், மணை கிடந்த இடத்துக்குப் பின்னால், பிறை வடிவில் மெல்லிய கீறல்கள். ஒன்றல்ல. எண்ண ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

வேப்பமரத்தடி

போர்மேன் மணையின் பக்கத்தில் குந்தி, ஆணியை விரலால் தொட்டுப் பார்த்தார். "கொண்டை ஊசியக் கழட்டச் சொல்லுதோம்," என்றார், தனக்குத்தானே. "இத ஒரு தடவை காந்தம் வச்சுப் பாக்கலையே நான்." என்னை அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

பேச்சியம்மாள் மரத்தில் சாய்ந்து நின்றாள். "எப்பத் தெரியும் அக்கா?"

"ஆணி இருக்கது செய்யும்போதே தெரியும். நீ இங்கன கொண்டுவருவேன்னு தெரியாது."

"அது சரி. கொண்டுவாரேன்னு எப்பத் தெரிஞ்சது?"

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். "வியாழக்கிழமை," என்றேன். "நீ வேன்ல ஏறுனப்ப."

"வியாழன், வெள்ளி," என்றாள் அவள். வெள்ளி படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்போ அந்தப் பாலிஷு?"

நான் அவிழ்ந்த தலைமுடியை அள்ளிக் கொண்டையாக முடிந்தேன்.

"ஆணி இருக்குனு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அப்பவே எறங்கிருப்பேன்," என்றாள். "நான் மட்டுமா அக்கா? ரூமுல நாலு பேரு." அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவளைத் தூக்கிவிட்ட பெண் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மணையை நான் வீட்டுக்குத் தூக்கிவந்து பிளந்தேன். அன்று சாயங்காலம் நீல நோட்டில் இரண்டு வரிகள் எழுதினேன்.

12. பழைய பலகையில் ஆணியை விட்டேன். / அறுக்கும் முன் காந்தம் வைத்துப் பார்க்கவும். ரேடியோ கடையில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தம் கிடைக்கும்.

13. வியாழன், வெள்ளி. /

பதின்மூன்றின் வலது பக்கத்தில் என்ன எழுதுவது என்று அன்று தெரியவில்லை. இப்போது, மூன்று வருஷம் கழித்து, அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான்கு மணைகள் செய்தேன். போர்மேன் கேட்கவில்லை. நானே போய்க் கேட்டேன், அவர் யோசித்துச் சம்மதித்தார். பூவரச மரம், ஆணியைக் கண்டிராத புது மரம். மூட்டுகளில் மூங்கில் முளைகள். பசை இல்லை. ஒவ்வொரு துண்டிலும் எல்லாப் பக்கமும் காந்தத்தை ஓட்டினேன். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எண்ணெயும் மெழுகும் கலந்து பாலிஷ் போட்டேன், மூன்று தடவை.

கொண்டுபோனபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். அந்த அறையின் நான்கு பேரும் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். போர்மேன் தன் காந்தத்தை எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மூன்று பேர் ஆளுக்கொன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாளைத் தூக்கிவிட்ட பெண், "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

பேச்சியம்மாள் தன்னுடையதைக் கவிழ்த்தாள். அடிச்சட்டங்கள் இரண்டையும் கட்டைவிரலால் முனையிலிருந்து முனைவரை தடவினாள். பிறகு நிமிர்த்தி வைத்தாள்.

"பாலிஷ் நல்லாப் போட்ருக்கீக," என்றாள்.

தன் தூக்குச்சட்டியை எடுத்து மணையின் நடுவில் வைத்தாள். இடது காலை நீட்டிக்கொண்டு, மெல்ல இறங்கி, தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.